முகலாயப் படம் தமிழ்ப்பள்ளியில் எதற்கு?

 

கடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் என்னை நோக்கி ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர் நல்லவர், தமிழ்ப்பற்றாளர், தம் மூன்று பிள்ளைகளையும் தமிழ்ப்பள்ளிக்கே அனுப்பியவர். ஆகவே அவர்மீது எனக்குச் சினமில்லை. அந்தக் கேள்வியின்மீதுதான் சினம். "ஐயா, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் முகலாயன் போர்ப்படத்தைக் காட்டினீர்களாமே? தமிழ்ப்பள்ளியில் முகலாயனுக்கு என்ன வேலை? சோழனைக் காட்டக்கூடாதா?" என்றார். அரங்கில் கைதட்டல். எனக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் நான் சொன்ன மறுமொழி யாருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும்தான். எனவே இங்கே எழுதுகிறேன். சற்று நீளும். பொறுத்தருள்க.

முதலில் படம் எது என்று சொல்லிவிடுகிறேன். கைதட்டியவர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்திருக்கவில்லை.

1569ஆம் ஆண்டு அக்பரின் படை இராசத்தானத்து இரந்தம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. ஏறத்தாழ 1590க்கும் 1595க்கும் இடையில், அபுல் பசல் எழுதிய 'அக்பர்நாமா' என்னும் வரலாற்று ஏட்டுக்காக அரண்மனை ஓவியர்கள் அந்த முற்றுகையை வரைந்தார்கள். அந்த ஏட்டின் 116 ஓவியங்கள் இன்று இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1896இல் அங்கே போய்ச் சேர்ந்தவை. நான் காட்டிய ஓவியத்திற்குக் கோட்டுரு அமைத்தவர் மிஸ்கினா. வண்ணம் தீட்டியவர் பாரஸ். இது நமக்கு எப்படித் தெரியும்? ஓவியத்தின் கீழ் விளிம்பில் நூலக எழுத்தர் ஒருவர் அவர்கள் பெயரைச் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறார். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூலிக் கலைஞனின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று ஓர் எழுத்தருக்குக் கட்டளை இருந்திருக்கிறது. இதைச் சற்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

படத்தில் என்ன இருக்கிறது? செங்குத்தான பாறைச் சரிவு. அதன்மேல் பெரிய பீரங்கிகளை இழுத்துக் கொண்டு ஏறும் காளைகள். அவற்றை அதட்டியும் தள்ளியும் கூடவே ஏறும் ஆள்கள். மேலே கோட்டை. அவ்வளவுதான். பிள்ளைகள் முதலில் அரசனைத் தேடினார்கள். "ஐயா, ராஜா எங்க?" என்று நான்கைந்து குரல்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவர்கள் தேடுவதை விட்டுவிட்டார்கள். காளைகள் அவர்களைப் பிடித்துக் கொண்டன. ஒருவன் கேட்டான்: "கயிறு அறுந்துட்டா என்னாகும் ஐயா?" நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை, "தள்ளுறவங்க மேலதான் வரும்" என்றாள். அவள் தந்தை செம்பனைக் குலை ஏற்றும் சுமையுந்து ஓட்டுகிறார். மழை நாளில் தோட்டத்து மண்சடக்கில் வண்டி சறுக்கினால் பின்னால் நிற்பவனுக்கு என்ன நேரும் என்பது அவளுக்குத் தெரியும். வரலாற்றுப் பாடத்தில் இருபது ஆண்டுகளாக நான் பெறாத ஒரு விடையை அன்று பெற்றேன்.

இதற்காகத்தான் காட்டினேன் ஐயா.

இனிச் சோழனுக்கு வருகிறேன். சோழனைக் காட்டக்கூடாது என்று யார் சொன்னது? காட்டத்தான் ஆசை. ஆனால் எதைக் காட்டுவது? சோழர் தம் காலத்தில் தாமே வரைவித்த, தாங்கள் நடத்திய ஒரு போரின் படத்தை எனக்குக் கொண்டுவந்து தாருங்கள், நாளையே காட்டுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியங்கள் உண்டு. நாயக்கர் காலத்து வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தவற்றை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். அங்கே போர் உண்டு. ஆனால் அது முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் போர். இராசராசன் போர்க்களத்தில் நிற்கும் காட்சி அங்கில்லை. நம் மனக்கண்ணில் சோழன் எப்படித் தோன்றுகிறான்? 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தபோது ஓவியர் மணியம் வரைந்தபடி. அதற்குப் பின் திரைப்படம் உடுத்திவிட்டபடி. அவை நல்ல படங்கள்தாம். ஆனால் பதினோராம் நூற்றாண்டுக்குச் சான்று ஆகா. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டு 'இதுதான் நம் வரலாறு' என்று கைகாட்டுவதை நான் கற்பித்தல் என்று அழைக்க மாட்டேன்.

இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரம் வென்றான். மெய்க்கீர்த்தி அதைப் பெருமிதத்துடன் அடுக்குகிறது. வீழ்ந்த ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன. கவர்ந்த யானைகள் இருக்கின்றன. மணிபதித்த வாயில் இருக்கிறது. கப்பலில் துடுப்பு வலித்தவன் ஒருவன்கூட இல்லை. இன்னொன்றையும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கடாரம் எங்கே இருக்கிறது? இங்கிருந்து வடக்கே நெடுஞ்சாலை பிடித்தால் நான்கைந்து மணி நேரத்தில் கெடா. நாம் மலேசியர். வென்றவனின் மொழி நம் மொழி. தோற்ற மண் நம் நாட்டு மண். இந்த முரணை நம் பிள்ளைகள் ஒருநாள் வகுப்பில் பிற இனத்து நண்பர்களோடு அமர்ந்து எதிர்கொள்ளத்தான் போகிறார்கள். அன்று அவர்களுக்குக் கைகொடுப்பது பெருமைப் பாட்டன்று. ஒரு வெற்றிச் செய்தியை யார் சொல்கிறார், யாருக்காகச் சொல்கிறார், யாரை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் கைகொடுக்கும். தன் இனத்து வெற்றியில் அதைப் பழகுவது பெரியவர்களுக்கே கடினம். நெஞ்சு விம்மாத ஒரு படத்தில் பழகுவது எளிது. முகலாயன் நமக்கு உறவுமில்லை, பகையுமில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பயிற்சிப் படம் எது?

தமிழ் மண்ணின் போர்ப்படமே வேண்டும் என்பவர்களுக்கும் வழியுண்டு. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் சேதுபதியின் படையும் தஞ்சை மராட்டியர் படையும் பொருதும் காட்சி சுவரில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780இல் ஐதரும் திப்புவும் ஆங்கிலேயக் கும்பினிப் படையை முறியடித்தார்கள். அந்தப் போர் 1784இல் கட்டப்பட்ட சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரை நிறைத்திருக்கிறது. காயம்பட்ட ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கில் இருக்கிறார். அவர் படையில் பெரும்பான்மையோர் இந்தியச் சிப்பாய்கள் என்பதை மறந்துவிட்டு அந்தப் படத்தை 'வெள்ளையன் தோற்ற படம்' என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் பார்த்தோம். இவற்றையும் காட்டுவேன். அடுத்த பருவத்தில்.

முகலாயப் படம் குற்றமற்றது என்று நான் சொல்லவரவில்லை. அது அரசன் காசு கொடுத்து எழுதச் சொன்ன நூலின் படம். வரைந்தவர்கள் நிகழ்ச்சி முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் வரைந்தார்கள். இரந்தம்பூருக்கு முந்தைய ஆண்டு, 1568இல், சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபோது முப்பதாயிரம் பேர் கொல்லப்பட்டதாக அபுல் பசலே எழுதுகிறார். அதை மறைக்காமல் எழுதினார்; வெட்கப்பட்டு எழுதவில்லை. அதே முற்றுகையில் கோட்டை மதிலுக்கு அடியில் வைத்த வெடிமருந்து தாறுமாறாக வெடித்து அக்பரின் வீரர்களே இறந்துபோனார்கள். அந்த வெடிப்பை இரண்டு பக்கம் விரித்து வரைவித்திருக்கிறார்கள். கோட்டுரு அதற்கும் மிஸ்கினாதான். வென்றவன் தன் ஏட்டில் தன் தோல்வி ஒன்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினான். மதிலை நெருங்குவதற்கு மூடுபாதை கட்டிய வேலையாள்கள் நாளொன்றுக்கு இருநூறு பேர் வரை மாண்டார்கள் என்றும் அந்நூல் கணக்குச் சொல்கிறது. கணக்கு இருக்கிறது, பெயர் இல்லை. பிள்ளைகளுக்கு நான் கற்பிக்க விரும்புவது இந்த இடைவெளியைத்தான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். "தேர்வில் வருமா?" என்று கேட்டீர்கள். வரலாறு 2014இல்தான் தொடக்கப்பள்ளிக்குத் தனிப்பாடமாக வந்தது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் அது ஒருநாளும் இடம்பெறவில்லை. அந்தத் தேர்வே 2021இல் ஒழிந்தது. போன தேர்வுக்கு இன்னும் பயந்து கொண்டிருக்கிறோம். எஸ்.பி.எம். நிலையில் வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடம். 2013 முதல் அப்படி. அங்கே போய்த் தடுமாறும் நம் பிள்ளைகள் படித்ததை ஒப்புவிக்கத் தெரியாமல் தடுமாறுவதில்லை. படமோ பத்தியோ கொடுத்து 'இதிலிருந்து நீ அறிவது என்ன' என்றால் வாயடைத்துப் போகிறார்கள். நாம் ஒருமுறையும் அப்படிக் கேட்டதில்லையே!

போர்ப்படம் வன்முறை என்ற இன்னொரு முணுமுணுப்பும் காதில் விழுந்தது. கைத்தொலைபேசியில் நாளெல்லாம் சுட்டு விளையாடும் பிள்ளைகளைப் பற்றிய கவலை அது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைக்கும் செய்தியை இலக்கியம் என்று நாமே போற்றுகிறோம். இதற்குமேல் நான் பேசவில்லை.

மெய்யாகவே பேச வேண்டியது வேறு. நம் ஊர்.

சிலிம் ரிவர் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஊர் வருவதற்குமுன் போர் வரும். (ஜெனரல் சிலிம் என்பவருக்காக இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள். அவர் பர்மாவில் போரிட்டவர். ஆற்றுக்கும் ஊருக்கும் அதற்கு முன்பே இந்தப் பெயர்.) 1942 சனவரி 7. கம்பாரில் நான்கு நாள் தாக்குப்பிடித்துவிட்டுப் பின்வாங்கிய 11ஆவது இந்தியப் பிரிவு துரோலாக்குக்கும் சிலிம் பாலத்துக்கும் இடையே பரவி நின்றது. ஐதராபாத், பஞ்சாப், கூர்க்கா, ஸ்காட்லாந்துப் படையணிகள். விடியுமுன், இருட்டில், ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலையில் வரிசையாக வந்தன. சடக்கை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுப் பாதைகள் பால்மரங்களுக்கு நடுவே கிடந்தன. தடை வைத்த இடங்களில் டாங்கிகள் அந்த வளைவுகளில் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டன. குளுனித் தோட்டத்துப் பக்கம் சடக்கில் நடந்து சென்ற கூர்க்காக்கள் பின்னாலிருந்து தாக்கப்பட்டுச் சிதறினார்கள். பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிக்கம்பியை வத்தனபே என்னும் அதிகாரி வாளால் வெட்டினார். பொழுது ஏறுவதற்குள் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் போயிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். நான்கே நாளில், சனவரி 11இல், கோலாலம்பூர் வீழ்ந்தது.

இந்தப் போரைப் பற்றி நான் படித்த நூல்கள் எல்லாவற்றிலும் அந்த வாள் இருக்கிறது. படையணி எண்கள் இருக்கின்றன. வரைபடத்தில் குளுனித் தோட்டத்தின் பெயர்கூட இருக்கிறது. தோட்டம் என்றால் என்ன? மரங்கள் மட்டுமா? லயங்களில் ஆள்கள் இருந்தார்கள் ஐயா! பால்வெட்டுக்குப் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போகும் தாய்மார் இருந்தார்கள். சடக்குக்கு மிக அருகில் தமிழர் குடியிருந்த ஒரு நிலத்தில் நடந்த போரில், தமிழன் என்று ஒருவனும் அந்த ஏடுகளில் எனக்குக் கிடைக்கவில்லை. அக்பரின் ஓவியனுக்குப் பீரங்கி தள்ளியவன் கண்ணில் பட்டான். இவர்களுக்குப் படவில்லை.

என் பாட்டிக்கு அப்போது பத்து வயது. "ராத்திரி பூரா லாரி லாரியா போற மாதிரி சத்தம். விடிஞ்சதும் எல்லாரையும் காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போனாங்க. திரும்பி வந்தப்ப சடக்கோரமா வெறும் பூட்ஸா கெடந்துச்சு" என்பார். போட்டிருந்தவர்கள் எங்கே என்று நான் சிறுவனாயிருந்தபோது கேட்டதில்லை. அவர் 2011இல் மறைந்தார். பூட்சு ஒரு வரியாக என்னிடம் மிஞ்சியிருக்கிறது. நானும் குற்றவாளிதான், பட்டம் பெற்ற வரலாற்று ஆசிரியன், வீட்டிலிருந்த ஏட்டைப் புரட்டாமல் விட்டவன்.

தைப்பிங் போர்க் கல்லறைக்கு ஒருமுறை போய்வாருங்கள். எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள்; அவர்களுள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் யாரென்று அடையாளம் தெரியாதவர்கள். அவர்களுக்காவது ஆளுக்கொரு கல். அடுத்த ஆண்டு சயாம் மரண இரயில் பாதைக்கு இதே தோட்டப்புறங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு அதுவும் இல்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக் கைதிகளின் கல்லறைகள் ஏழாயிரத்தை நெருங்கி, பெயர் பொறித்து, புல் வெட்டி, வரிசையாக இருக்கின்றன. ரோனால்ட் சேர்ல் என்னும் ஆங்கிலக் கைதி அந்தச் சாவுக் கூடாரங்களில் ஒளித்து ஒளித்து வரைந்த படங்கள் இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வென்ற பக்கமும் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் யாமஷித்தாவிடம் பெர்சிவல் சரணடைந்த காட்சியை மியாமோத்தோ சபுரோ 1942இலேயே பெரிய திரையில் தீட்டினார். அது தோக்கியோவின் நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மேசை, தளபதிகள், மேசையை ஓங்கும் கை. அவரவருக்கு ஓவியன் இருந்தான். நமக்கு ஆர். சண்முகம் 'சயாம் மரண இரயில்' என்று ஒரு நாவல் எழுதினார். அந்த நன்றி மறக்கக்கூடாது. படம்?

"நம் பிள்ளைகள் என்ன ஓவியர்களா?" என்று கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கையில் ஒருவர் சிரித்தார். அவருக்குத் தஸ்வந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்பரின் ஓவியக் கூடத்தில் தலைசிறந்தவர்களுள் ஒருவன். அபுல் பசல் அவனைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். அவன் பல்லக்குத் தூக்கியின் மகன். கிடைத்த சுவரிலெல்லாம் வரைந்து கொண்டிருந்தவன். ஒருநாள் அரசன் கண்ணில் பட்டான்; அப்துஸ் சமத் என்னும் பெரிய ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டான்; சில காலத்தில் எல்லாரையும் விஞ்சினான். மகாபாரதத்தை அக்பர் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்து, 'போர் நூல்' என்று பொருள்படும் 'ரஸ்ம்நாமா' என்று பெயரிட்டார். அதற்கு வரைந்த முதன்மை ஓவியர்களுள் தஸ்வந்தும் ஒருவன். முகலாயன் யாரோ என்கிறோம். அவன் நூலகத்தில் நம் வீட்டுக் கதை படத்தோடு இருந்தது. தஸ்வந்து மனநோயுற்று 1584இல் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டான். அந்த முடிவை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. முதல் பாதியைச் சொன்னேன். சுவரில் கிறுக்கியதற்காகப் போன மாதம் தண்டிக்கப்பட்ட ஒருவன் வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தண்டித்தவன் நான்தான்.

அந்த வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளிடம் வெள்ளைத்தாள் கொடுத்து 1942 சனவரி 7 இரவை வரையச் சொன்னேன். முப்பத்தொரு படங்கள் வந்தன. இருபத்தெட்டில் டாங்கி மட்டும். ஜப்பானியக் கொடியைச் சரியாக வரைந்திருந்தார்கள், திரையில் பார்த்தது. இரண்டில் பாலம். ஒன்றே ஒன்றில், பால்மரங்களுக்கு இடையில் லயம், லயத்துக்குள் ஒரு விளக்கு, விளக்கைச் சுற்றி முகமில்லாத தலைகள். "ஏன் கண்ணு முகம் போடல?" என்றேன். "யாருன்னு தெரியாது ஐயா" என்றாள். சுமையுந்து ஓட்டுநரின் மகள்தான்.

அந்த முகங்களைக் கேட்டு வரவேண்டும். அன்றைக்குப் பத்து வயது ஆனவருக்கு இன்று தொண்ணூறு தாண்டியாயிற்று. துரோலாக், கம்போங் சிலிம், குளுனி, தஞ்சோங் மாலிம் பக்கத்தில் அத்தகைய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அல்லது அவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். ஒரு வரி போதும், பூட்சு மாதிரி. இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்கியிருக்கிறேன். தலைமையாசிரியர் இசைவு தந்துவிட்டார். தாளும் வண்ணமும் என் செலவு. பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஒரு வேன் கிடைத்திருக்கிறது, இன்னொன்று குறைகிறது. கேள்வி கேட்ட அந்த அன்பரிடம் வேன் இருக்கிறது என்று அறிகிறேன்.